விழித்தலும் காத்தலும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள்களும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இரவுகளும்

1. பல பொருளும் ஒரு சொல்லும்

தூக்கம் கலைந்து கண் திறப்பதைக் குறிக்க ஆங்கிலத்தார் அன்றாடம் வழங்கும் 'வேக்' என்னும் சிறு சொல், அகராதியில் அதைத் தேடுவோர்க்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் பல பொருள்களைத் தருகிறது. உறக்கத்திலிருந்து எழுதல், உறங்குபவரை எழுப்புதல், உறங்காதிருத்தல், இறந்தவர் உடலருகே இரவெல்லாம் காத்திருத்தல், கோயில் திருநாள், அத்திருநாளை ஒட்டிய விடுமுறை வாரம், கப்பல் கடந்த பின் நீரில் நீளும் தடம் என அப்பொருள்கள் விரிகின்றன. சாவு வீட்டையும் திருவிழாவையும் ஒரே சொல் குறிப்பது எவ்வாறு என்னும் வினா, சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் மட்டும் நிற்பதன்று. மனிதர் தம் உறக்கத்தை எதற்காக விட்டுக்கொடுத்தனர் என்னும் வரலாற்று வினாவாகவும் அது விரிவடைகிறது.

ஒரு சொல் பல பொருள் தரும் நிலையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் ஆராய்ந்து, அச்சொல்லோடு வரும் வினை, உடன்வரும் இனச்சொல், சொல்லப்படும் சூழலாகிய சார்பு ஆகியவற்றால் பொருள் தெளிவாகும் என்று நெறி வகுத்தார். இவ்வகைச் சொல்லைப் 'பலபொருள் ஒருசொல்' என்பது இலக்கண வழக்கு. இக்கால மொழியியலார் இதற்குள் மேலும் ஒரு பிரிவு காண்பர். வழியைக் குறித்த 'ஆறு' நீர் செல்லும் வழியாகிய நதியையும் குறித்தது ஒரே வேரிலிருந்து கிளைத்த பொருள்வளர்ச்சி. எண்ணாகிய 'ஆறு' அவற்றோடு ஒலியால் மட்டும் ஒத்த வேறொரு சொல். ஆங்கிலச் சொல்லின் பொருள்களில் கப்பல் தடத்தைக் குறிப்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உறைந்த நீர்ப்பரப்பில் ஏற்படும் திறப்பைக் குறித்த பழைய வடநாட்டுக் கடலோடிகளின் சொல் ஒன்று, பிளந்து செல்லும் கலத்தின் பின்னே திறந்து கிடக்கும் நீர்வழியைக் குறிக்கத் தொடங்கி, ஆங்கிலத்தில் விழித்தற்சொல்லோடு ஒரே வடிவம் பெற்றது. ஒரு பெருநிகழ்வைத் தொடர்ந்து வருவனவற்றைக் குறிக்க ஆங்கிலச் செய்தித்தாள்கள் கையாளும் தொடர் இந்த நீர்த்தடத்திலிருந்து பிறந்தது; விழிப்புக்கும் அதற்கும் உறவில்லை.

எஞ்சிய பொருள்கள் யாவும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை என்பதும், அவற்றை இணைப்பது உறக்கம் கலைதல் என்னும் உடல்நிகழ்ச்சியைக் காட்டிலும் பிறர்பொருட்டுக் கண்விழித்துக் காத்தல் என்னும் கடமையே என்பதும் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து. ஆங்கில நாட்டில் பெரும்பாலும் நூல்களுக்குள் ஒடுங்கிவிட்ட அக்கடமை, விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் செஞ்சியையும் சூழ்ந்த ஊர்களின் இரவுகளில் இன்றளவும் உயிரோடு இருப்பதால், அச்சொல்லின் வரலாற்றை விளக்கிக்கொள்ள இந்நிலப்பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேண்டியதில்லை.

2. சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் ஒரே அடியிலிருந்து பிறந்த இருவேறு வினைகள் இருந்தன. ஒன்று எழுதல், தோன்றுதல், பிறத்தல் என்னும் பொருள்களைத் தந்தது; மற்றொன்று விழித்திருத்தல், காவல் செய்தல் என்னும் பொருள்களைத் தந்தது. காலப்போக்கில் இவ்விரண்டும் கலந்து ஒரே வினையாயின. தமிழ் இவ்விரண்டையும் 'எழு' என்றும் 'விழி' என்றும் பிரித்தே காத்துவந்துள்ளது. ஞாயிறு எழும், படை எழும், துயின்றவர் எழுவர். ஆனால் காவலர் விழித்திருப்பர். 'எழு' என்னும் தன்வினைக்கு 'எழுப்பு' என்னும் பிறவினை இயல்பாக அமைய, ஆங்கிலம் எழுதலுக்கும் எழுப்புதலுக்கும் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டது. கண் என்னும் உறுப்பின் பெயரே வினையாகவும் நிற்பது தமிழ் 'விழி'யின் தனிச்சிறப்பு. விழுப்புரம் வட்டாரப் பேச்சில் அது 'முழி' என வடிவம் மாறி, தூக்கம் கலைவதை 'முழிப்பு வந்தது' என்றும், உறங்காதிருப்பதைக் 'கண்ணு முழிப்பது' என்றும், விடை தெரியாமல் திகைப்பதை 'முழிப்பது' என்றும் மூன்று கிளையாகப் பிரிந்து நிற்கிறது.

ஆங்கில வினையின் உறவுச்சொற்கள் அதன் அடிப்பொருளைத் தெளிவாக்குகின்றன. தமிழர் நாவில் பழகிப்போன 'வாட்ச்மேன்' என்பதிலுள்ள 'வாட்ச்' இதே வேரிலிருந்து வந்தது. முதலில் இரவுக்காவலையும், பின்னர் அக்காவல் மாறும் இரவின் கூறுகளையும், இறுதியில் காலம் காட்டும் கருவியையும் அது குறித்தது. காத்திரு என்று பொருள்படும் 'வெயிட்' என்பதும் செருமானிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து சேர்ந்த இதன் உறவே. லத்தீனில் விழித்திருப்பவரைக் குறித்த 'விஜில்' என்பதற்கும் அந்த மொழியில் வலிமையைக் குறித்த சொல்லுக்கும் வேர் ஒன்று. ஆகவே விழிப்பு, காவல், உயிர்த்துடிப்பு ஆகிய மூன்றும் இச்சொற்குடும்பத்தில் தொடக்கத்திலேயே பிணைந்திருந்தன.

இப்பிணைப்பு ஐரோப்பிய மொழிகளுக்கே உரியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் மெய்காப்பாளர் காவல் சூழ்ந்திருக்க, நீர் கசியும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரையும் அவர்களருகே வைத்துக் காட்டுகிறது. காவலும் காலக்கணிப்பும் ஒரே கூடாரத்தில் அருகருகே நடைபெறுகின்றன. அப்பாட்டின் அரசன், புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் எண்ணிப் படுக்கையில் உறக்கம் கொள்ளாதிருக்கிறான். நெடுநல்வாடையில் வரும் அரசனோ நள்ளிரவில் எழுந்து, வாடைக்காற்றுக்கிடையே காயமுற்ற வீரர்களைத் தேடிச் சென்று காண்கிறான். அரசனின் பெருமை அவன் உறங்கும் கட்டிலால் அளக்கப்படாமல், தனக்காகப் போரிட்டவர்க்காக அவன் விழித்திருக்கும் யாமத்தால் அளக்கப்படுகிறது.

3. இறந்தவர்க்காக விழித்தல்

ஆங்கிலச் சொல்லின் பொருள்களுள் அயலாரை மிகவும் வியப்பிலாழ்த்துவது, இறந்தவர் உடலைச் சுற்றி உறவினரும் ஊராரும் இரவைக் கழிக்கும் வழக்கத்தைக் குறிப்பது. இறந்தவர் எழுந்துவிடுவாரோ என்று பார்ப்பதற்காகவே மக்கள் காத்திருந்தனர், அதனால் அப்பெயர் வந்தது என்னும் கதை பரவலாக வழங்கினாலும், அது பிற்காலக் கற்பனை. சொல் இறந்தவரின் விழிப்பைக் குறிக்கவில்லை. உயிரோடிருப்பவர் மேற்கொண்ட கண்விழிப்பையே குறித்தது.

அயர்லாந்து மக்கள் இவ்வழக்கத்தை நெடுங்காலம் பேணினர். உயிர் பிரிந்தது முதல் அடக்கம் வரை உடலைத் தனியே விடாமல் அண்டைவீட்டார் மாறிமாறி அமர்ந்தனர். வந்தோர்க்குப் புகையிலையும் பொடியும் வழங்கப்பட்டன. பெண்கள் இறந்தவரின் குணங்களைச் சொல்லி அழுது பாடினர். இரவு நீளக் கதைகளும் விளையாட்டுகளும் நடந்தன. சாவு வீட்டில் விளையாட்டா என்று கிறித்தவத் திருச்சபை 17ஆம் நூற்றாண்டிலிருந்து பலமுறை தடை விதித்தும் மக்கள் அவற்றை எளிதில் விடவில்லை. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் சான் ஓ சூலவான் இவ்விளையாட்டுகளை ஆராய்ந்து எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 1967இல் வெளிவந்தது. ஏணியிலிருந்து விழுந்து இறந்ததாகக் கருதப்பட்ட தொழிலாளி, தன் சாவுச் சடங்கில் சிந்திய மது பட்டு எழுந்துவிட்டதாகக் கூறும் அயர்லாந்து நகைப்பாடலின் பெயரை எடுத்துக்கொண்ட ஜேம்ஸ் ஜாய்ஸ், 1939இல் வெளியிட்ட தம் இறுதிப் புதினத்தின் தலைப்பில் ஒரு சிறு நிறுத்தக்குறியை நீக்கியதன் வாயிலாகச் சாவிரவு, துயிலெழுதல் ஆகிய இரு பொருள்களையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தார்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் இதற்கு நேரான வழக்கங்கள் இரண்டு கட்டமாக அமைகின்றன. முதலாவது, உடல் வீட்டில் கிடக்கும் இரவு. வெளியூர் உறவினர் வந்து சேரும்வரை உடலைத் தனியே விடுவதில்லை. பெண்கள் வட்டமாய் அமர்ந்து ஒப்பாரி வைக்க, வாசலில் மேளம் ஒலிக்க, ஊரார் இரவு முழுவதும் அமர்ந்திருப்பர். இரவு முழுவதும் என்பதை இவ்வட்டாரம் 'ராமுச்சூடும்' என்று ஒரே மூச்சில் சொல்லும். இரண்டாவது, காரியம் அல்லது கருமாதி எனப்படும் இறுதிச் சடங்குக்கு முந்திய இரவு. வசதியும் விருப்பமும் உள்ள குடும்பங்கள் அன்றிரவு தெருக்கூத்து வைப்பர். அவ்விரவுக்குரிய கூத்தாகக் 'கர்ண மோட்சம்' வழங்கிவருகிறது.

பாரதப் போரின் பதினேழாம் நாளில் கர்ணன் வீழ்ந்து கிடந்தும் அவன் செய்த அறம் உயிரைப் பிரியவிடாது காக்க, கண்ணன் முதிய அந்தணனாக வந்து அவன் ஈட்டிய புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்டுப் பெற்று அவனுக்கு வீடுபேறு அளிப்பதே இக்கூத்தின் கதைமுடிவு. கர்ணன் அடையும் நற்கதியை இறந்த தம் உறவினரும் அடைவர் என்னும் நம்பிக்கையே இக்கூத்தைச் சாவுச் சடங்கோடு பிணைத்தது. போருக்குப் புறப்படும் கர்ணனும் அவனது பிறப்பறியாமல் அவனை இகழ்ந்துவந்த மனைவி பொன்னுருவியும் எதிர்நின்று பாடும் நெடிய தருக்கம் இக்கூத்தின் நடுப்பகுதியாகும். இறந்தவர் பெயரைச் சொல்லிக் கூத்தர் பாட, குடும்பத்தார் அழுது தீர்க்கும் அந்த இரவில் துயரம் ஒரு வீட்டின் சுமையாக நில்லாமல் ஊர் முழுவதும் பகிர்ந்து சுமக்கும் பொதுச்சுமையாகிறது. அயர்லாந்தின் சாவிரவில் விளையாட்டு செய்த பணியை இங்குக் கூத்தும் அதன் அறிவிப்பாளனாகிய கட்டியக்காரனின் நகைச்சுவையும் செய்கின்றன. அழுகையை அவை மறைப்பதில்லை. அழுதவர் மறுநாள் வாழ்வைத் தொடர்வதற்குரிய வலிமையை அவை ஈட்டித் தருகின்றன.

4. திருநாளாகிய இரவு

ஆங்கிலச் சொல் கோயில் திருநாளைக் குறிக்கத் தொடங்கியதும் இதே வழியில்தான். ஒரு கோயிலுக்குரிய புனிதரின் நாளுக்கு முந்திய இரவு, ஊரார் கூடி விழித்திருந்து வேண்டுதல் செய்வது இடைக்கால இங்கிலாந்தின் வழக்கம். விழிப்பின் பெயர் மறுநாள் விழாவுக்கும், விழாவை ஒட்டிக் கூடிய கடைகளுக்கும், ஆட்டபாட்டங்களுக்கும் ஆகிவந்தது. தொழிற்புரட்சிக்குப் பின் லங்காஷயர் பகுதியின் பஞ்சாலை நகரங்கள் தத்தம் திருநாளையொட்டி ஆலைகளை ஒரு வாரம் மூடின. தொழிலாளர் குடும்பத்தோடு பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்களுக்குச் சென்றனர். இரவு விழிப்பு மறைந்து விடுமுறை மட்டும் எஞ்சியபோதும் அவ்வாரத்துக்கு விழிப்பின் பெயரே நீடித்தது.

விழுப்புரம் மாவட்டத்தில் திருநாளும் இரவும் இன்னும் பிரியவில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் தலைமை இடமாகக் கொண்டு பரவிய திரௌபதி அம்மன் வழிபாட்டை அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளிவந்த இரு பெருந்தொகுதிகளில் விரிவாக ஆராய்ந்தார். இவ்வழிபாட்டின் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சார்ந்து கதை சொல்ல, இரவில் அதே கதைப்பகுதியைக் கூத்தர் நடிப்பர். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை நாள்தோறும் வளர்ந்து, போர்க்களச் சடங்காகிய படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவெய்தும்.

இரவுக் கூத்து பத்து மணியளவில் மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றின் முழக்கத்தோடு தொடங்கி விடியலில் முடியும். கிரீடமும் தோளணியும் மார்பணியுமாக மரத்தாற் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த 'கட்டை' என்னும் அணிகள் பூண்ட வேடதாரி, இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடித் தன்னை அறிவித்த பின்னரே களத்துள் வருவார். 'ஜமா' எனப்படும் குழுவினர் இரவெல்லாம் ஆட, பார்ப்போர் பாய் விரித்து அமர்ந்து, இடையிடையே கண்ணயர்ந்து, முக்கியக் கட்டத்தில் ஒருவரையொருவர் தட்டி எழுப்பிப் பார்ப்பர். படுகளத்திலும் துகிலுரிதலிலும் அவர்கள் கதையைப் பார்ப்பவர்களாக மட்டும் நில்லாமல் சான்று நிற்பவர்களாகின்றனர். அவையில் ஒருத்திக்கு அநீதி இழைக்கப்படும்போது பெரியோர் வாய்மூடி இருந்த கதையை, ஓர் ஊர் ஆண்டுதோறும் கண்விழித்து மீண்டும் மீண்டும் கேட்பது தன்னையே விசாரித்துக்கொள்ளும் செயலாகும்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மகாசிவராத்திரியின் கண்விழிப்பைத் தொடர்ந்து மயானக்கொள்ளை நடைபெறுவதும், அமாவாசைதோறும் நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவத்துக்காகப் பல மாவட்டத்து மக்கள் திரள்வதும் இவ்வகையிலேயே அடங்கும். உறங்கும் வேளையில் இத்தனை மக்கள் பயணம் செய்வதும், சாலையோரக் கடைகள் விளக்கெரிய விடிய விடியத் திறந்திருப்பதும், லங்காஷயர் ஆலைநகரங்கள் தொலைத்த தொடர்பை, அதாவது விழிப்பிலிருந்து விழாவும் விழாவிலிருந்து வணிகமும் பிறக்கும் தொடர்பைக் கண்முன் காட்டுகின்றன.

5. எழுப்புதல்

தான் விழிப்பதோடு பிறரை விழிக்கச் செய்வதும் ஆங்கிலச் சொல்லின் பொருள். தமிழ் இதற்கு ஓர் இலக்கிய வகையையே உருவாக்கியது. அரசனைப் புகழ்ந்து பாடித் துயில் எழுப்புவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் 'துயிலெடை நிலை' எனச் சுட்டுகிறது. அதனைப் பாடுவோர் சூதர் எனப்பட்டனர். பத்தியிலக்கியக் காலத்தில் அரசனிடத்தில் இறைவன் அமர, தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் பத்துப் பத்துப் பாடல்களில் திருப்பள்ளியெழுச்சி பாடினர். உறக்கமற்றவனாகிய இறைவனை எழுப்புவதில் எழுப்பப்படுபவர் உண்மையில் அடியாரே. திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் பெண்கள் முதலில் வீடு வீடாகச் சென்று தோழியரை எழுப்புகின்றனர். எல்லாரும் சேராமல் எவரும் செல்வதில்லை. இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் இவ்வகையைப் பாரதமாதாவுக்கு ஆக்கியபோது, எழுப்புதல் அரசியல் கடமையாயிற்று.

கூத்துக்களத்தில் இம்மரபின் எச்சமாக நிற்பவர் கட்டியக்காரர். கட்டியம் என்பது அரசன் வருகையைப் புகழ்மொழியோடு அறிவிப்பது. சூதர் செய்த தொழிலின் தொடர்ச்சி. ஆனால் கூத்தின் கட்டியக்காரர் அரசனை அறிவிப்பதோடு நில்லாமல் அவனைக் கேள்வி கேட்கிறார், ஊர்ச் செய்தியைக் கதைக்குள் நுழைக்கிறார், நள்ளிரவுக்குப் பின் சோர்ந்த கூட்டத்தைச் சிரிக்கவைத்து எழுப்புகிறார். அரசனை எழுப்பிய தொழில் மக்களை எழுப்பும் தொழிலாக மாறிய வரலாறு அவரது வேடத்தில் அடங்கியிருக்கிறது.

பிறர்பொருட்டு உறக்கத்தை விடுதல் என்பதன் தூய வடிவத்தை, 2019வரை விழுப்புரம் மாவட்டத்திலிருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்த திருக்கோவலூரைக் களமாகக் கொண்ட வைணவ வரலாறு காட்டுகிறது. மழையிரவில் ஒரு சிறு இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் எழுந்து அமர்ந்தனர். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றனர் என்பது அவ்வரலாறு. ஒவ்வொருவரின் வருகையும் முன்னிருந்தவரின் உறக்கத்தைக் குறைத்தது. மூவரும் நின்று கழித்த அந்த இரவிலேயே முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்ததாக மரபு போற்றுகிறது.

6. அறிவின் விழிப்பு

உடல் விழிப்பைக் குறித்த சொல் அறிவின் தெளிவைக் குறிப்பது உலகமொழிகள் பலவற்றில் காணப்படும் வளர்ச்சி. புத்தர் என்னும் பெயரின் பொருள் விழித்தெழுந்தவர் என்பது. 'போதம்' என்பதும் அதே வடமொழி வேரில் பிறந்தது. தமிழர் சாலையோரப் பலகைகளில் எச்சரிக்கையாக எழுதும் 'ஜாக்கிரதை'யும், சித்தாந்த நூல்கள் நனவுநிலைக்கு இட்ட 'சாக்கிரம்' என்னும் பெயரும், விழித்திருத்தலைக் குறிக்கும் மற்றொரு வடமொழி வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். விழிப்பிலிருந்து காவல் பிறந்த ஆங்கிலத்தின் வழியிலேயே இங்கும் விழிப்பிலிருந்து எச்சரிக்கை பிறந்துள்ளது.

இவ்வளர்ச்சியின் இரு பெருஞ்சான்றுகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடத்தை 'நிசீதிகை' எனக் குறிக்கிறது. நோன்பிருந்து இறந்த துறவியின் இருக்கை என்பது அச்சொல்லின் பொருள். சல்லேகனை எனப்படும் இந்நோன்பில், இறுதிவரை மனம் மயங்காது விழிப்போடிருத்தல் துறவியின் கடமை; அவர் உறுதி குலையாதவாறு அறவுரை கூறி உடனிருந்து துணைசெய்தல் பிற துறவியரின் கடமை. இறப்பவரும் உடனிருப்போரும் ஒருங்கே விழித்திருக்கும் இந்நிலை, விழித்தலும் காத்தலும் ஒன்றே என்னும் கருத்தின் உச்ச வடிவம்.

இரண்டாவது சான்று, 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் பன்னிரு நூற்பாக்களால் அருளிய சிவஞானபோதம். அதன் நான்காம் நூற்பா, உயிர் ஐந்து அவத்தைகளை அடைவதை எடுத்துரைக்கிறது. அவத்தை என்பது நிலை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்பன அவ்வைந்து. உயிர் விளங்கும் இடம் புருவநடுவிலிருந்து கண்டம், இதயம், உந்தி, மூலம் எனக் கீழிறங்க, துணைசெய்யும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். இவ்விளக்கத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்கது, முழு நனவிலும் உயிர் தனித்து அறிவதில்லை என்பது. அமைச்சர் துணையோடு அரசன் ஆள்வதுபோல, அகக்கருவிகளின் துணையோடே அது அறிகிறது. ஆணவமலம் மறைத்திருப்பதால் துணையின்றி அதற்கு விழிப்பில்லை. விழிப்பைத் தனியொருவரின் ஆற்றலாகக் கருதும் எண்ணத்தை மெய்கண்டாரின் நூல் அடிப்படையிலேயே மறுக்கிறது.

7. சமூகத்தின் விழிப்பு

ஆங்கிலச் சொல்லின் மிக அண்மைக்காலப் பொருள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் பிறந்தது. இறந்தகால வடிவமாகிய 'வோக்' என்பதைப் பெயரடையாக்கி, தம்மைச் சூழ்ந்த ஆபத்தை உணர்ந்து விழிப்போடிருப்பவரை அவர்கள் அவ்வாறு குறித்தனர். அலபாமா மாநிலத்தில் 1931இல் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞரைப் பற்றி லெட்பெல்லி என்னும் பாடகர் 1938இல் பதிவுசெய்த பாடலின் இறுதிப் பேச்சில் அவ்வழியே செல்வோரை விழிப்போடிருக்குமாறு அவர் இச்சொல்லாலேயே எச்சரித்தார். 1962இல் வில்லியம் மெல்வின் கெல்லி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இச்சொல் இடம்பெற்றது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் எதிர்ப்பாளர் அதனை ஏளனச்சொல்லாக்கினர். ஆயினும் அதன் பிறப்பில் இருந்தது பழைய ஆங்கிலத்தின் அதே பொருள்: இரவில் தம்மவரைக் காத்தல்.

இப்பொருள் விழுப்புரத்துக்கு அயலானதன்று. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். கூத்தின் இரவுக்காகப் பாய் விரித்த அதே நிலத்தில், அச்சத்தால் உறங்காத இரவுகளும் இருந்தன என்பதை இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிட இயலாது. இம்மாவட்டத்து மேல்பாதி ஊரின் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023இல் நடந்த விழாவின்போது தாழ்த்தப்பட்ட மக்களின் நுழைவு தடுக்கப்பட்டதால் மோதல் எழுந்து, அவ்வாண்டு ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் அம்மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.

பிறப்பின் பெயரால் அவையில் இகழப்பட்ட கர்ணனுக்காக விடியும்வரை கண்ணீர் சிந்தும் மரபும், பிறப்பின் பெயரால் அண்டைவீட்டாரை வாசலில் நிறுத்தும் வழக்கமும் ஒரே வழிபாட்டுக்குள் அடுத்தடுத்து நிலவுவது ஆழ்ந்த முரண்பாடாகும். விழிப்பு பிறர்பொருட்டானது என்று கொண்டால், அப்பிறர் யாவர் என்னும் வினாவுக்கு ஊர் முழுவதும் என்பதே விடையாக வேண்டும். சிலரை விலக்கிவைத்து நடத்தும் கண்விழிப்பு, எத்தனை நீண்ட இரவாயினும், அதன் பெயருக்கு உரியதாகாது.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது, ஆங்கிலச் சொல்லின் சிதறிய பொருள்கள் ஓர் ஒழுங்கில் அமைகின்றன. காவலுக்காக விழித்தல் முதலில் நின்றது. இறந்தவரைக் காத்தல் சாவிரவாயிற்று. தெய்வத்தின் நாளைக் காத்திருத்தல் திருநாளாயிற்று. அறிவைக் காத்தல் தத்துவமாயிற்று. தம் மக்களைக் காத்தல் அரசியலாயிற்று. தமிழில் இப்பொருள்கள் ஒரே சொல்லில் குவியவில்லை. விழிப்பு, எழுச்சி, காவல், போதம், ஜாக்கிரதை எனப் பல சொற்களில் அவை பரவிக் கிடக்கின்றன. ஆனால் நடைமுறையில் அவை பிரியவில்லை. திரௌபதி அம்மன் விழாவின் ஒரே இரவில் காவலும் துயரமும் கொண்டாட்டமும் அறவுரையும் ஒருங்கே நிகழ்கின்றன.

இதிலிருந்து அகராதிப் பணிக்கும் பண்பாட்டுப் பணிக்கும் இரு கடமைகள் எழுகின்றன. முதலாவது, ஆங்கிலச் சொல்லுக்கு 'விழித்தெழு' என்று ஒரே நேர்ச்சொல் தந்து அமைதி கொள்ளாமல், பொருள்தோறும் இவ்வட்டார வழக்குகளைத் தேடித் தருதல். 'ராமுச்சூடும்', 'கண்ணு முழித்தல்', 'கட்டியம்', 'காரியக் கூத்து' போன்றவை அவற்றைச் சொல்லும் மக்களிடமிருந்து சூழலோடு பதிவுசெய்யப்பட வேண்டும். இரண்டாவது, முழு இரவுக் கூத்தைக் காத்தல். மேடைவிழாக்களுக்காக ஒருமணி, இரண்டுமணி நேரமாகச் சுருக்கப்படும் கூத்து கலையாக வாழலாம். ஆனால் கர்ணனின் உயிர் பிரிவதும் கிழக்கு வெளுப்பதும் ஒரே வேளையில் நிகழும் அமைப்பு அச்சுருக்கத்தில் நில்லாது. ஜமாக்களுக்கு உரிய ஊதியமும், முதிர்ந்த வாத்தியார்களிடம் இளையோர் பயிலும் வாய்ப்பும், ஒரு முழு இரவை முழுமையாகப் பதிவுசெய்யும் முயற்சியும் இவ்வட்டாரக் கல்லூரிகளால் இயலக்கூடியவை.

உறக்கம் உடலின் உரிமை. அதனை யாருக்காக எப்போது விட்டுக்கொடுப்பது என்பது சமூகத்தின் முடிவு. சாவு வீட்டில் அண்டைவீட்டார் அமர்வதும், களத்தில் கூத்தர் ஆடுவதும், பூட்டிய கோயிலின் கதவைத் திறக்க மக்கள் நீதிமன்றம் செல்வதும் அம்முடிவின் வெவ்வேறு வடிவங்களே. எந்த ஊர் தன் மக்கள் அனைவர்க்காகவும் கண்விழிக்க ஒப்புகிறதோ, அந்த ஊரிலேயே இச்சொல்லின் எல்லாப் பொருள்களும் உண்மையாகின்றன.